துறைக்கு ஒரு பஸ்

அரசு அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தால், வந்து சேர்ந்தது என்று மனுதாரருக்கு உடனே ஒப்புகை அனுப்ப வேண்டும். தவறான இடத்துக்கு வந்திருந்தால், சரியான இடத்துக்கு அதை மாற்றிவிட்டு, மாற்றிய விவரத்தையும் அவருக்கு எழுத வேண்டும். இது விதி. புதுச்சேரியில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இந்த விதி கண்ணாடிச் சட்டத்துக்குள் என் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. ஆணி நல்ல ஆணி. ஒருநாள்கூட விழவில்லை.

ஸ்டெல்லாவுக்கு இந்த விதி தெரியாது. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

ஆவணி மாதத்து மத்தியானம். எங்கள் பக்கத்து வீட்டு பிலோமினாவின் மகன் ஆரோக்கியராஜைப் பார்க்க, வில்லியனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பெண் ஸ்டெல்லாவும் அவள் வீட்டாரும் வந்திருந்தார்கள். கோயிலிலிருந்து இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ‘அந்தோணியார் உபயம்’ என்று பெயின்டில் எழுதியிருக்கும். மின்விசிறிக் காற்றில் இருதய ஆண்டவர் படத்து மாலை ஆடிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றி வாசல்படியில் தட்டினார். மணல் கொட்டியது. மறுபடி தட்டினார். மறுபடி கொட்டியது.

என்னையும் என் மனைவி ஜெயந்தியையும் பிலோமினா அழைத்திருந்தாள். காரணத்தையும் மறைக்கவில்லை.

“சார் ஒண்ணும் பேச வாணாம். கொம்யூன்ல இருந்தவருன்னு சொல்லி ஓரமா ஒக்கார வெச்சா வூட்டுக்கு ஒரு லட்சணம்.”

அவித்த மல்லாட்டை வந்தது. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். ஸ்டெல்லா ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு நேராக ஆரோக்கியராஜைப் பார்த்தாள். கடலூர் ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை.

“ஆளு புடிச்சிருக்கு. ஊரும் புடிச்சிருக்கு. டூட்டிக்கு நான் எப்படிப் போறது?”

“நான் பைக்குல கொண்டுபோய் வுடறேன்.”

“டெய்லியா?”

“டெய்லி.”

“சண்டை போட்ட அன்னிக்கு?”

ஆரோக்கியராஜ் அம்மாவைப் பார்த்தான். “நாம ஏன் சண்டை போடப் போறோம்?”

பிலோமினாதான் முதலில் சிரித்தாள். “இவங்க அப்பனும் இதேதாம்மா சொன்னாரு.”

“எனக்கு ஸ்கூட்டி வராது,” என்றாள் ஸ்டெல்லா. “ஒருதரம் வுழுந்து எழுந்தேன், போதும். அவரு மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு வண்டிய எடுக்கறதும், நான் பின்னாடி ஒக்காந்து அழுதுகினு போறதும் எனக்கு ஆவாது. பஸ்ஸுன்னா பிரச்சினை இல்ல. பஸ்ஸுக்கு நம்ம சண்டை தெரியாது.”

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். மரியாதையான மனிதர். தவளக்குப்பத்தில் இன்னொரு வரன் இருக்கிறது என்றார். பையனைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கும் என்று மட்டும் சொன்னார்.

“தவக்காலத்துல கல்யாணம் கெடையாது. அதுக்கு முன்னாடி முடிச்சாவணும். அதுக்குள்ள இங்க பஸ் வந்துடுச்சுன்னா ஓலை வாசிக்கச் சொல்லிடலாம். வரலன்னா தப்பா நெனைக்காதீங்க.”

தவக்காலம் என்றால் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. ஓலை என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அறிவிப்பது. திருச்சபையிலும் விதிகள் உண்டு. எனக்குத் தெரிந்தவரை அவை குறித்த நேரத்தில் நடக்கின்றன.

பிலோமினா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். ஆரோக்கியராஜுக்கு இது மூன்றாவது இடம். முந்தின இரண்டு பெண் வீட்டாரும் துறை வரை வந்து, ஆற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனவர்கள். மல்லாட்டையைத் தொட்டதே இவர்கள்தான்.

தீவு என்றால்

தீவு என்றதும் வாசகர்கள் நீலக் கடலையும் சாய்ந்த தென்னையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தென்னை உண்டு. சாயவில்லை.

பாகூர்ப் பக்கத்தில் எங்கள் ஆறு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்சதூரம் போய் மறுபடி ஒன்று சேர்கிறது. நடுவே கிடக்கும் நிலம் நாணல்திட்டு. வடக்குக் கிளை பெரியாறு, தெற்குக் கிளை சின்னாறு. வருடத்தில் பாதி நாள் இரண்டிலும் மணல்தான் ஓடும். ஐப்பசி பிறந்துவிட்டால் தண்ணீர் ஓடும். அப்போது பெரியாற்றின் மேல் இருக்கும் தரைப்பாலம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். நாங்கள் முறைப்படி தீவாகிவிடுவோம்.

வடகரை புதுச்சேரி, திட்டும் அதோடு சேர்த்தி. தென்கரை தமிழ்நாடு. வடகரையிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போகும் வழியிலும் ஒரு கரும்புக் கொல்லை அகலத்துக்குத் தமிழ்நாடு வந்துவிட்டுப் போகும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். எங்களுக்கு அது ஒரு வாய்க்காலைத் தாண்டுவது போலத்தான். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றால் செல்போன் தமிழ்நாட்டுக்கு வரவேற்கும். முன்வாசலுக்கு வந்தால் புதுச்சேரிக்கு வரவேற்கும். இவ்வளவு மரியாதையை என் உத்தியோக காலத்தில் நான் பார்த்ததில்லை.

மேட்டில் வீடுகள். சரிவில் மல்லாட்டை. பள்ளத்தில் நெல்லும் கரும்பும். கரையைச் சுற்றி நாணல். மாசியில் அது பூத்து நிற்கும்போது ஊரைச் சுற்றி யாரோ பஞ்சு காயப்போட்டது போல இருக்கும். எங்கே தோண்டினாலும் தண்ணீர், அதுவும் தித்திப்பான தண்ணீர். மயில்கள் அதிகம். விதைத்ததில் பாதியை அவையே அறுவடை செய்துகொள்ளும்.

ஊரில் பாதிப் பேர் அந்தோணியார் கோயில், பாதிப் பேர் மாரியம்மன் கோயில். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்பீக்கர் செட். ஆடித் திருவிழாவில் ஒருமுறை செட்காரர் கைதவறிக் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டுவிட்டார். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு நன்றாக இருந்ததாம்.

ஊரின் ஒரே மாடி வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் வாரிசுகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார்கள். எப்போதாவது வந்து, மாடியில் நின்று ஆற்றைப் படம் பிடித்துக்கொண்டு, கொசு கடித்ததும் போய்விடுவார்கள்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்தது நான் ஓய்வு பெற்ற பிறகு. ஆற்றங்கரையில் மலிவாக ஒரு மனை கிடைத்தது. மலிவுக்குக் காரணம் ஐப்பசியில்தான் தெரிந்தது. ஜெயந்தி முதல் மழைக்காலம் முழுவதும் என்னோடு பேசவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில், விருந்தாளிகள் யாரும் வர முடியாது என்பதைக் கவனித்தாள். அதற்குப் பிறகு ஊர் அவளுக்குப் பிடித்துவிட்டது.

“எல்லாரும் திட்டு வாங்கிக்கினு வருவாங்க,” என்பாள் சொந்தக்காரர்களிடம். “இவரு திட்டையே வாங்கிட்டு வந்துட்டாரு.”

உபதேசியாரின் தமிழ்

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தரைப்பாலத்தின் வடமுனையை, அதாவது ஆற்றைக் கடந்து கரையேறும் இடத்தை, எங்கள் ஊரில் துறை என்றுதான் சொல்வார்கள். துறையாண்ட நில்லு, துறைக்குப் போய் பால் ஊத்திட்டு வரேன், துறைல மீன் வந்துக்குது. பிறந்த குழந்தைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி தெரியும் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மெயின் ரோட்டிலிருந்து துறை வரைக்கும் தார் ரோடு இருக்கிறது. பஸ்தான் இல்லை. ஆகவே ஊரின் தேவை எளிமையானது. மெயின் ரோட்டில் போகிற பஸ் உள்ளே திரும்பி, துறை வரை வந்து, திரும்பிப் போக வேண்டும். பஸ் வந்தால் அங்கிருந்து பாலத்தைத் தாண்டி நாங்கள் நடந்துகொள்வோம்.

பெண் வீட்டார் வந்து போன மறுவாரம் நான் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வரும்வரை காத்திருக்க பிலோமினாவுக்குப் பொறுமை இல்லை. உபதேசியாரைப் பிடித்துவிட்டாள். உபதேசியார் என்றால் சாமியார் வராத நாளில் கோயிலில் ஜெபம் சொல்பவர். பெயர் சூசைமாணிக்கம். நல்ல கையெழுத்து. அதைவிட நல்ல தமிழ். மனு எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டு, தபாலிலும் சேர்த்துவிட்டார்கள்.

மனுவின் பொருள் என்ற இடத்தில் உபதேசியார் இப்படி எழுதியிருந்தார்: ‘நாணல்திட்டு துறைக்குப் பேருந்து வேண்டி.’

ஒப்புகை வரவில்லை. விதியைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசியில் ஆறு வந்தது. தரைப்பாலம் முழுகியது. பனித்திட்டு மீனவர்களிடம் வாடகைக்கு எடுத்த ஃபைபர் படகில் தபால்காரர் ஒருநாள் வந்தார். நெற்றி நிறைய விபூதி, தலையில் பிளாஸ்டிக் பை. பழுப்பு உறையை நேராக என்னிடம் நீட்டினார்.

“இது எனக்கு இல்லையே.”

“தெரியும் சார். ஆனா இந்த ஊர்ல டைரக்டர் மாதிரி இருக்கறது நீங்க ஒருத்தர்தான்.”

உறையின் மேல் ‘இயக்குநர், நாணல்திட்டு துறை’ என்று இருந்தது.

பிரித்தேன். அரசுத் துறைகளுக்கு ஜீப்பும் காரும் வாங்கித் தரும் பிரிவிலிருந்து வந்த கடிதம். தங்கள் துறைக்குப் பேருந்து கோரும் கடிதம் கிடைக்கப்பெற்றது. பரிசீலனைக்காகக் கீழ்க்காணும் விவரங்கள் தேவைப்படுகின்றன. தங்கள் துறையின் பணிகள் யாவை? ஏற்கெனவே உள்ள வாகனங்கள் எத்தனை? அவை எந்த நிலையில் உள்ளன?

நான் சத்தமாகப் படித்தேன். ஜெயந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து இன்னொருமுறை படிக்கச் சொன்னாள்.

உபதேசியார் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது.

“துறைன்னா துறைதான சார்? அதை வேற இன்னான்னு எழுதறது?”

“ஒண்ணும் தப்பில்லை உபதேசியாரே. உங்க தமிழ் சரி. அவங்களுக்கு அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும். அதுல சம்பளம் வரும்.”

பிலோமினா மட்டும் விளையாட்டுக்குத் தயாராக இல்லை. ஈரத்தலையோடு வாசலில் நின்றிருந்தாள். “சிரிங்க சார், சிரிங்க. தவளக்குப்பத்தான் வூட்டு வாசல்ல பஸ் நிக்குது. நம்ம வூட்டு வாசல்ல தண்ணி நிக்குது.”

ஓடுகிற கோப்பு

மூன்று வழிகள் இருந்தன. புது மனு எழுதலாம். அது வரிசையின் கடைசியில் போய் நிற்கும். நேரில் போய்த் தப்பு நடந்துவிட்டது என்று சண்டை போடலாம். கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து, மேசை மேல் வைத்து, விசாரிக்கிறோம் என்பார்கள். அப்படி மேசை மேல் வைத்த கோப்பு அங்கேயேதான் இருக்கும். மூன்றாவது வழி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது.

என் அனுபவத்தில் ஓடுகிற கோப்பை நிறுத்தவே கூடாது. தப்பான திசையில் ஓடினாலும் அது ஓடுகிற கோப்பு. அதைத் திருப்பத்தான் பார்க்க வேண்டும்.

பதில் எழுதினேன். ஒன்று, மனுவில் ‘துறை’ என்று இருப்பதை ‘ஆற்றுத் துறை’ எனத் திருத்தி வாசிக்கவும். இரண்டு, பணிகள்: மக்களை ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சேர்ப்பது. மூன்று, ஏற்கெனவே உள்ள வாகனம்: படகு ஒன்று. ஓடும் நிலையில் இல்லை.

எல்லாம் சத்தியமான உண்மை. மழைக்காலத்துக்கென்று எப்போதோ அரசு கொடுத்த மரப் படகு ஒன்று, அடிப்பலகை இற்றுப்போய், துறையில் ரோடு முடிகிற இடத்தில் குறுக்கே கிடந்தது. கேள்வி கேட்டால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் அதையே காரணமாக வைத்துக் கோப்பை மூடிவிடுவார்கள்.

“எந்தப் பதவியில கையெழுத்துப் போடப் போறீங்க?” என்று ஜெயந்தி கேட்டாள்.

‘இயக்குநருக்காக’ என்று போட ஆசையாகத்தான் இருந்தது. போடவில்லை. ‘ஊர் மக்களுக்காக’ என்று போட்டேன். அந்த இடத்தை யாரும் படிப்பதில்லை.

அந்த மழைக்காலம் நன்றாகவே போனது. ஆறு பழுப்பு நிறத்தில் இரண்டு பக்கமும் ஓடியது. நாணலுக்குள் தவளைச் சத்தம். வீட்டுக்கு வீடு மல்லாட்டை வறுக்கும் வாசனை. மழையில் நெட்வொர்க் சரியாகக் கிடைக்கும் ஒரே இடமான தண்ணீர்த் தொட்டி மேட்டில், குடையைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியராஜ் மணிக்கணக்கில் நிற்பான். போனில் யார் என்று ஊருக்கே தெரியும். என்ன பேசுகிறான் என்பதும் தெரியும், மழைச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியாக வேண்டுமே.

“வரும். பஸ்ஸு வரும். சார் எழுதிக்கிறாரு. ஆமா, டைரக்டர்தான்.”

பாசனத்துக்காரர்

மார்கழியில் ஆறு வடிந்தது. ஒரு காலையில் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஓர் இளைஞர் துறையில் நின்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். பாசனப் பிரிவின் ஜூனியர் இன்ஜினியர்.

“ஆற்றுத் துறைன்னு ஒரு பேப்பர் வந்தது சார். ஆறுன்னா எங்களுக்குத்தானேன்னு எங்க செக்‌ஷனுக்குத் தள்ளிட்டாங்க. பஸ்ஸுன்னு வேற இருக்குது. எனக்கு ஒண்ணும் புரியல.”

எனக்கு எல்லாம் புரிந்தது. ஆற்றங்கரை வரை பஸ் விட, கரை தாங்குமா என்று பாசனப் பிரிவு ஆட்சேபணையின்மைச் சான்று தர வேண்டும். நாங்கள் ஒழுங்காக மனுப் போட்டு, ஒழுங்கான இடத்துக்குப் போயிருந்தால், பஸ் பிரிவு அந்தச் சான்றைக் கேட்டு எழுதியிருக்கும். பாசனப் பிரிவு பதில் எழுதுவதற்குள் ஆரோக்கியராஜ் கிழவனாகியிருப்பான். தப்பான வழியில் போனதால், கேட்பதற்கு முன்பே சான்று கொடுக்க ஆள் வந்து நிற்கிறார்.

நான் அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே பிலோமினா பாலத்தைத் தாண்டி வேகமாக வந்துவிட்டாள்.

“தம்பி சாப்பிட்டியாப்பா?”

“டூட்டில இருக்கேம்மா.”

“டூட்டின்னா பசிக்காதா? கெளுத்தி மீன் கொழம்பு. நேத்து வெச்சது. இன்னிக்குத்தான் ருசி.”

இது அன்பளிப்பில் சேருமா என்று அவர் என்னைப் பார்த்தார். நேற்றைய குழம்பைப் பற்றி விதிகளில் எதுவும் இல்லை என்றேன். சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் குழம்பு விட்டுக்கொண்டார். பிறகு ரோட்டை மிதித்துப் பார்த்தார், கரையைத் தட்டிப் பார்த்தார், ஏதோ எழுதினார்.

“கரை கெட்டியா இருக்குது. ஆட்சேபணை இல்லன்னு எழுதி பஸ் செக்‌ஷனுக்கு அனுப்பிடறேன். ஆனா பஸ் வந்தா திரும்பணுமே. அந்தப் படகு கெடக்கற எடந்தான் திரும்பற எடம்.”

“அவ்ளதான? இழுத்துப் போட்டுட்டா ஆச்சு,” என்றாள் பிலோமினா.

நான்தான் தடுத்தேன். அரசுச் சொத்து. இற்றுப்போனாலும் அரசுச் சொத்து. அனுமதி இல்லாமல் நகர்த்தினால், பஸ் வருவதற்கு முன்னால் போலீஸ் ஜீப் வரும்.

“அப்ப அதுக்கும் ஒரு மனுவா?” என்று கேட்டாள். அவள் குரல் இறங்கியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் நட்சத்திர விளக்கு கட்டவில்லை. கேட்டதற்கு, பல்பு ஃபியூஸ் என்றாள். பல்பை நான் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் எரிந்தது.

வேண்டிக்கொள்ளும்

பொங்கலுக்கு முந்தின வாரம் தபால்காரர் மறுபடி வந்தார். இந்தமுறை நடந்தே வந்தார். மறுபடி ‘இயக்குநர், நாணல்திட்டு துறை’. வாகனம் வாங்கித் தரும் பிரிவு எங்களை மறக்கவில்லை.

‘தங்கள் துறையில் ஓடும் நிலையில் இல்லாத வாகனத்தை உடனடியாக அப்புறப்படுத்திவிட்டு அறிக்கை அனுப்பவும். அதன் பின்னரே தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்.’

நான் இதை இரண்டுமுறை படித்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான ஓர் உத்தரவை நான் பார்த்தது அபூர்வம். கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தன.

“பிலோமினா,” என்று வேலிக்கு மேலாகக் கூப்பிட்டேன். “இழுத்துடலாம்.”

பூசை முடிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமையே ஊர் துறையில் கூடியது. மாரியம்மன் தேர் வடம் வந்தது. ஆனால் படகு அசையவில்லை. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் கையில் எச்சில் துப்பிக்கொண்டிருந்தார்.

உபதேசியார்தான் முன்னால் வந்து நின்றார். கோயிலில் பிரார்த்தனை சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தார்.

“புனித சூசையப்பரே.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்றது ஊர், பழக்கத்தில். ‘கொள்ளும்’ என்கிற இடத்தில் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுத்தன. படகு ஒரு முழம் நகர்ந்தது.

“புனித அந்தோணியாரே.”

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

இன்னொரு முழம். மாரியம்மன் கோயில்காரர்களும் சேர்ந்துதான் சொன்னார்கள். புனிதர்கள் ஒவ்வொருவராக வந்து இழுத்துக்கொடுத்துவிட்டுப் போனார்கள். படகு நாவல் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது உபதேசியாரின் பட்டியலில் இன்னும் சிலர் பாக்கி இருந்தார்கள். பாதியில் விடக்கூடாது என்று அவர்களையும் சொல்லி முடித்தார். எல்லாரும் கும்பிட்டபடி நின்றார்கள், கையில் வடத்தோடு.

படகைக் கவிழ்த்துப் போட்டார்கள். நல்ல உட்காருமிடமாக அமைந்தது. ‘அப்புறப்படுத்தப்பட்டது’ என்று நான் அறிக்கை அனுப்பினேன். எவ்வளவு தூரம் என்று அவர்கள் கேட்கவில்லை.

முதல் பஸ்

பாசனத்துக்காரரின் சான்று பஸ் பிரிவுக்குப் போய், அங்கிருந்து டெப்போவுக்கு உத்தரவு போயிருக்கிறது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பொங்கல் முடிந்து ஊர் சோம்பிக் கிடந்த ஒரு காலையில், துறைப் பக்கம் ஹாரன் சத்தம் கேட்டது. மயில்கள் ஒட்டுமொத்தமாக அலறின.

போய்ப் பார்த்தால் பஸ். டிரைவர் இறங்கி வேட்டியைத் தேடும் மனிதர்போல இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“துறைன்னு டிரிப் ஷீட்ல போட்டுக்குது. எந்தத் துறைன்னு போடல. மூணு ஆபீஸ் வாசல்ல நிறுத்திக் கேட்டுட்டு வரேன்.”

“இதான் துறை,” என்றாள் பிலோமினா. அடுப்பிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கையில் கரண்டி. “திருப்புப்பா, பாக்கலாம்.”

ஒரே வளைப்பில் திரும்பியது. படகு இருந்த இடம் சரியாகப் போதுமானதாக இருந்தது. யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். உபதேசியார் தீர்த்தம் தெளித்தார். பிலோமினா கரண்டியை ஜெயந்தி கையில் கொடுத்துவிட்டு முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆரோக்கியராஜின் போனைப் பிடுங்கி ஸ்டெல்லாவை அழைத்தாள்.

“நான் பஸ்ல ஒக்காந்துக்கறேன். டைம் பாத்துக்க. உங்க ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கி நான் நிக்கறப்ப மறுபடி போன் பண்றேன். அப்ப எத்தினி மணின்னு நீயே சொல்லு.”

போனாள். அடுப்பில் இருந்த சாம்பாரை ஜெயந்தி பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது பிலோமினாவின் முகத்தைப் பார்த்தே என்ன பதில் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை வாசிக்கப்பட்டது. தவக்காலம் பிறப்பதற்கு முந்தின வாரம் கல்யாணம். பெண் வீட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஸ்டெல்லாவின் அப்பா பாலத்தைத் தாண்டி வந்து, வாசல்படியில் செருப்பைத் தட்டினார். மணல் கொட்டியது. இந்தமுறை ஒருதரம் தட்டியதோடு விட்டுவிட்டார். ஊரின் ஒரே ஸ்பீக்கர் செட் நாள் முழுவதும் பாடியது. நட்சத்திர விளக்கையும் கட்டியிருந்தார்கள், கிறிஸ்துமஸ் எப்போதோ முடிந்துபோயிருந்தாலும்.

பதில்

இத்தனை நடந்தும் மனுவுக்குப் பதில் வந்திருக்கவில்லை. கேள்விகள் வந்தன, உத்தரவு வந்தது, பஸ்ஸே வந்துவிட்டது. கேட்டது கிடைக்குமா கிடைக்காதா என்கிற பதில் மட்டும் வரவில்லை.

லீவு முடிந்து ஸ்டெல்லா முதன்முதலாக டூட்டிக்குக் கிளம்பிய நாள். மத்தியான ஷிஃப்ட். நாவல் மரத்தடியில் கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பை. தவக்காலம் பிறக்கும் நாளென்று காலைப் பூசையில் இட்ட சாம்பல் சிலுவை நெற்றியில் இருந்தது. நான் பேப்பர் வாங்குவதற்காக வந்திருந்தேன். பத்தடி தள்ளி ஆரோக்கியராஜ் பைக்கின் மேல் உட்கார்ந்து, ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பைக் ஸ்டார்ட்டில் இருந்தது.

“வெய்யில்ல ஏன்? ஏறு, கொண்டுபோய் வுடறேன்,” என்றான் ஆற்றிடம்.

“நான் யாரோடவும் பேசல,” என்றாள் ஸ்டெல்லா என்னிடம். “மீன்ல உப்பு இல்லன்னு சொன்னா அது தப்பா மாமா?”

நான் அந்தக் கோப்பில் கை வைக்கவில்லை.

பஸ் வந்து வளைந்து நின்றது. அதிலிருந்து தபால்காரர் இறங்கினார், நெற்றியில் விபூதியும் கையில் பழுப்பு உறையும். ‘இயக்குநர், நாணல்திட்டு துறை.’

நின்றபடியே பிரித்துப் படித்தேன். வாகனம் வாங்கித் தரும் பிரிவு தன் இறுதி முடிவைத் தெரிவித்திருந்தது. ‘சிக்கன நடவடிக்கைகள் காரணமாகத் தங்கள் துறைக்குப் புதிய வாகனம் ஒதுக்க இயலாது. எனினும், தங்கள் துறையைச் சேர்ந்தவர்கள் பணிக்குச் சென்றுவர அரசுப் பேருந்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.’

ஸ்டெல்லா என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“அப்ப ஏறலாமா மாமா?”

“ஏறும்மா. எழுத்துலயே வந்துடுச்சு.”

ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு நேராக முன்னால் பார்த்தாள். பஸ் கரும்புக் கொல்லையின் ஓரமாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, புதுச்சேரியில் வெளியே வந்து, மெயின் ரோட்டுப் பக்கம் மறைந்தது. ஆரோக்கியராஜ் பைக்கை அணைத்தான். மாலை எத்தனை மணிக்கு டிரிப் என்று தபால்காரரிடம் விசாரித்தான்.

நான் படகின் மேல் உட்கார்ந்து, கடிதத்தின் மூலையில், பழக்கத்தில், பெறப்பட்ட தேதியைக் குறித்தேன்: சாம்பல் புதன்கிழமை.